துவாஸ் என்ற பெயருக்குள்ளேயே மீன் இருக்கிறது, தெரியுமா?

சிங்கப்பூரின் கிழக்கு மேற்கு ரயில் பாதையில் மேற்குக் கடைசி நிலையம் துவாஸ் லிங்க். 2017 ஜூனில் திறந்தார்கள். காலை ஷிஃப்டுக்கு அங்கே இறங்குகிற கூட்டத்தில் தமிழ்க் குரல் கேட்காத நாள் கிடையாது. கப்பல் பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் போகிற அத்தனை பேர் வாயிலும் புழங்குகிற இந்த ஊர்ப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? மலாயில் 'மெனுவாஸ்' என்று ஒரு மீன்பிடி முறை உண்டு. தென்னை ஓலையைப் படகோரமாகத் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். வெயிலுக்கு ஒதுங்கி நிழல் தேடி மீன்கள் ஓலைக்கு அடியில் வந்து கூடும். கூடியதும் வலையை அப்படியே மேலே தூக்கிவிடுவார்கள். அந்தச் சொல்லிலிருந்துதான் துவாஸ் வந்தது என்பார்கள். கிரேனும் கன்டெய்னருமாக நிற்கிற ஊருக்கு, ஓலை நிழலில் மீன் பிடித்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர்!

துவாஸில் எனக்கு வேலை, பூன் லேயில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு. அந்த வீட்டுக் கூடத்தில், இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில், நாலு வருஷமாக ஒரு துண்டுக் கடல் இருக்கிறது. பவளம், கோமாளி மீன், இறால், நத்தை எல்லாம் சேர்ந்த உப்புத் தண்ணீர்த் தொட்டி. புதிதாக வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மீனைப் பார்க்கிறார்கள். நான் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் ஆச்சரியம் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது.

சிங்கப்பூரின் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை எங்கே வந்தது தெரியுமா? துவாஸில், 2005-இல். பிறகு 2013-இல் துவாஸ் சவுத்தில் ஒன்று. 2018-இல் பொதுப் பயனீட்டுக் கழகமே கட்டிய இன்னொன்று. நாட்டில் இதுவரை கட்டிய ஐந்தில் மூன்று இந்த ஒரே வட்டாரத்தில்! கடல் தண்ணீரைக் கடும் அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் மேல் தள்ளுகிறார்கள். தண்ணீர் மட்டும் ஊடுருவி மறுபக்கம் வரும், உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 யூனிட் மின்சாரம் கொடுத்துத்தான் அந்த உப்பைப் பிரிக்க முடிகிறது.

பவளத் தொட்டி வைக்கிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? குழாயில் வந்த நல்ல தண்ணீரைப் பிடித்து, அதே மாதிரிச் சவ்வு வைத்த சின்ன வடிகட்டியில் மறுபடி ஒரு தரம் வடிகட்டி, கடையில் வாங்கிய உப்பை லிட்டருக்கு 35 கிராம் வீதம் திரும்பக் கலக்குகிறார்! ஆலை அவ்வளவு பாடுபட்டு எடுத்த உப்பு, இருபது கிலோ வாளியில் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது.

குடிக்கிற தண்ணீரை எதற்கு இன்னொரு தரம் வடிகட்ட வேண்டும்? சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி அண்டாமல் இருக்கக் குளோரமின் சேர்க்கிறார்கள். வெறும் குளோரின் என்றால் வாளியைத் திறந்து வைத்தால் ஒருநாளில் போய்விடும். ஊரில் பெரியவர்கள் தங்க மீன் தொட்டிக்கு முதல்நாளே தண்ணீர் பிடித்து வைத்தது அதற்குத்தான். குளோரமின் அப்படிப் போகாது, தங்கிவிடும். இன்னொன்று தாமிரம். நமக்கு ஒன்றும் செய்யாத துளித் தாமிரம் இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம். மீன் நோய்க்கு விற்கிற சில மருந்துகளில் தாமிரம் இருக்கும், அதைத் தெரியாமல் பவளத் தொட்டியில் ஊற்றி மொத்தத்தையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் சவ்வு வடிகட்டி, அதன் பின்னால் பிசின் குப்பி, கடைசியில் கரைந்த பொருள் அளக்கும் மீட்டர். அந்த மீட்டர் 0 காட்ட வேண்டும். வடிகட்டி வாங்க இப்போது முடியாது என்றால், வடித்த தண்ணீரையே விற்கிற மீன் கடைகள் உண்டு.

சமையல் உப்பு போடலாமா என்று கேட்காத ஆள் கிடையாது. கூடாது! சமையல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். கடல் உப்பென்பது அதோடு மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், இன்னும் எத்தனையோ பொருள்களின் கூட்டு. 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டி 121 லிட்டர் பிடிக்கும். கணக்குப் போட்டால் நாலேகால் கிலோ உப்பு. தனி வாளியில் கலந்து, உள்ளே ஒரு சின்ன மோட்டாரைப் போட்டு ஒருநாள் ஓடவிட்டு, அப்புறம்தான் தொட்டிக்கு. எடையையும் யோசியுங்கள். தண்ணீர் மட்டுமே 121 கிலோ, கண்ணாடி, கல், மரத்தாங்கி எல்லாம் சேர்ந்தால் இரண்டு பெரிய ஆட்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்கிற கனம். சுவரோரம், மட்டமான தரை, பக்கத்தில் மின்சார முனை, வெயில் நேராக விழாத இடம். இதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், நிரப்பிய தொட்டியை நகர்த்த யாராலும் முடியாது.

உப்பு சரியா என்று பார்க்கிற கருவி எனக்கு ரொம்பப் பிடித்தமானது. கைக்கு அடக்கமான ஒரு குழல், ஒரு முனையில் சாய்வான கண்ணாடி. அதில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்துப் பார்த்தால், மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பின் அளவு. 35-இல் நின்றால் நீங்கள் பார்ப்பது கடல். ஒரு சொட்டுக்குள் ஒளி வளைகிற கோணத்தை வைத்து உப்பைச் சொல்லிவிடுகிறது! மாதம் ஒரு தரம் அளவு தெரிந்த திரவம் விட்டு அந்தக் கருவியைச் சரிபார்க்க மறக்கக் கூடாது.

அடுத்தது இறால் கதை. தொட்டி நிரம்பிவிட்டது, கல் அடுக்கியாகிவிட்டது, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. உள்ளே போகிற முதல் ஜீவன் எது தெரியுமா? தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய ஒரே ஒரு பச்சை இறால். உயிரில்லாதது! ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு வாங்கிய அரைக் கிலோவில் ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள் போடுவது பழைய வைத்தியம். அது அழுகும். அழுகினால் அம்மோனியா வரும். அம்மோனியா மீனுக்குக் கொடிய விஷம், அதுவும் கடல் தண்ணீரின் காரத்தன்மையில் அதன் வீரியம் இன்னும் கூடும். இந்த விஷத்தைத் தின்று வாழ ஒரு பாக்டீரியாக் கூட்டம் எங்கிருந்தோ வந்து கல்லின் நுண்துளைகளில் குடியேறுகிறது. அவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். அதைத் தின்ன இன்னொரு கூட்டம் வருகிறது, நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் பத்தில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். இந்தச் சங்கிலி முழுசாக ஓடத் தொடங்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். இப்போது இறாலுக்குப் பதிலாகச் சொட்டுக் கணக்கில் விடுகிற அம்மோனியாக் குப்பியும், பாக்டீரியாக் குப்பியும் கிடைக்கின்றன. வீச்சம் கிடையாது, அளவும் கைக்குள் நிற்கும். எதைப் போட்டாலும் காத்திருப்பது காத்திருப்பதுதான்.

அந்த ஆறு வாரமும் நான் தினம் இரவு சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, திரவம் சொட்டி, நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையென்றால் அம்மோனியா. மஞ்சளாகத் தெளிந்தால் இல்லை. அம்மா பின்னால் வந்து நின்று, "மீனே இல்லாம வெறுந் தண்ணியை எதுக்குடா தம்பி இப்படிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே?" என்றார். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் அந்தக் கல்லுக்குள் வீடு கட்டிக்கொண்டிருந்தன, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாவது நாள் குழாய் மஞ்சளாக நின்றது. முதலில் ஓடிப்போய்ச் சொன்னது அம்மாவிடம்தான்.

அவசரத்தில் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். இதற்கு முன்னால் ஒருமுறை, ஒரு கடையில் "மூணு நாள் போதும்" என்று சொன்னதை நம்பி, மூன்றாம் நாளே ஒரு ஜோடி மீனை விட்டேன். இரண்டும் செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டு தண்ணீர் மட்டத்துக்கு வந்து வந்து போயின. ஒரு வாரம் தாங்கவில்லை. அந்தச் செவுள் அடிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

குளிர்நாட்டுப் புத்தகங்கள் எல்லாம் தொட்டிக்கு ஹீட்டர் வாங்கச் சொல்லும். சிங்கப்பூரில் அதற்கு நேர்மாறு! இங்கே கூடத்துச் சூடே 30 டிகிரி வரும். மோட்டார் சூடும் விளக்குச் சூடும் சேர்ந்தால் இன்னும் ஏறும். வீட்டுப் பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி வசதியானது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், பவளமும் வெளுக்கத் தொடங்கும். தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் வாங்கிவிட்டால் நிம்மதி, ஆனால் அதற்குச் சில நூறு வெள்ளி வேண்டும், மின்கட்டணமும் ஏறும். ஆரம்பத்தில் ஒரு சின்னக் காற்றாடியைத் தண்ணீர் மட்டத்தை நோக்கித் திருப்பி வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். எப்படி? மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வித்தைதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது எடுத்துக்கொண்டு போகிற சூடு, கணக்குப்படி, 121 லிட்டர் தொட்டியை ஏறக்குறைய 5 டிகிரி குளிர்விக்கப் போதுமானது!

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த இடத்தை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் என்ன ஆகும்? நாளுக்கு நாள் உப்பு ஏறி, ஒரு மாதத்தில் மீன் தவிக்கும். குறைவதை எப்போதும் வடித்த நல்ல தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும். புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. கடலுக்கு மழை செய்கிற வேலையை, வீட்டில் தினம் காலையில் ஒரு குவளையோடு நாம் செய்கிறோம்.

இனி பவளம். மோதிரத்தில் பதிக்கிற செம்பவளம் நமக்குத் தெரியும், நவரத்தினத்தில் ஒன்று. அது கல் என்று நினைத்தே பாதி வாழ்க்கை போய்விடுகிறது. பவளம் ஒரு பிராணி! சின்னச் சின்ன வாய்கள், வாயைச் சுற்றி விரல்கள், ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழ்கிற கூட்டுக் குடும்பம். பாறை என்று நாம் பார்ப்பது அவை தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தங்களுக்கென்று கட்டிக்கொள்கிற சுண்ணாம்பு வீடு. இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. பாறை கட்டுகிற பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்கின்றன, பவளம் சாப்பிடுகிறது. தேவையான சக்தியில் 90 விழுக்காடு வரைக்கும் இந்தக் குடித்தனக்காரரிடமிருந்தே சில பவளங்களுக்குக் கிடைத்துவிடுகிறது! நீல வெளிச்சம் தூக்கலான விளக்கைத் தொட்டிக்கு வாங்கச் சொல்வது அழகுக்காக மட்டுமல்ல, உள்ளே இருக்கிற அந்தப் பாசிக்கு அடுப்பு மூட்டத்தான். சூடு தாங்காமல் போனால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். அப்போதுதான் எலும்பு தெரிய வெளுக்கிறது. 1998, 2010, 2016, 2024 என்று சிங்கப்பூர்க் கடலிலேயே இது நடந்தது.

சிங்கப்பூர்க் கடலில் பவளமா என்று கேட்பீர்கள். கப்பல்கள் வரிசைகட்டி நிற்கிற, கலங்கிப் பச்சையாகத் தெரிகிற இந்தக் கடலில் எத்தனை வகைக் கடினப் பவளம் இருக்கிறது தெரியுமா? 250-க்கும் மேல்! உலகத்தில் உள்ள வகைகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, இந்தக் குட்டி நாட்டைச் சுற்றி. தண்ணீர் கலங்கலாக இருப்பதால் வெளிச்சம் ஆழத்துக்குப் போகாது, பவளமெல்லாம் மேல்மட்டத்துச் சில மீட்டருக்குள்ளேயே வாழ்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் மாதப் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நான்காம் இரவுகளில், வெவ்வேறு வகைப் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்துமாகச் சின்ன இளஞ்சிவப்பு உருண்டைகளை மேலே விடுகின்றன. தீவுக்கு வெளியே கடலே தலைகீழாக மழை பெய்கிற மாதிரி! இதை இங்கே முதன்முதலாகப் பார்த்துப் பதிவு செய்தது 2002-இல்தான். சித்ரா பௌர்ணமிக்கு நாம் விளக்கேற்றி முடித்த சில இரவுகளில், மறைவாக அங்கே ஒரு பெரும் பிரசவம் நடந்துகொண்டிருந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியாமல்.

துவாஸுக்கும் பவளத்துக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு உண்டு, இதை நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். புதிய துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பர் 1-ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறந்தது. 2040-களில் முழுசாகக் கட்டி முடிக்கும்போது ஆண்டுக்கு 6.5 கோடி பெட்டிகளைக் கையாளும். முதல் கட்டத்துக்கு மட்டும் 221 கான்கிரீட் பெட்டகங்களைக் கடலில் இறக்கினார்கள். ஒவ்வொன்றும் 28 மீட்டர் உயரம், பத்து மாடிக் கட்டடம் அளவு, எடை 15,000 டன்! அந்த வேலை தொடங்கும் முன், கொஞ்சம் தள்ளி 1895-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் நிற்கிற சுல்தான் ஷோல் பக்கம் இருந்த பவளங்களுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? 2013, 2014-இல் முத்துக்குளிப்பவர் மாதிரி ஆட்கள் மூழ்கி, உளியால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, கூடையில் ஏற்றி, படகில் நனைந்தபடியே கொண்டுபோய், செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கமும் சிஸ்டர்ஸ் தீவுகள் பக்கமும் மறுபடி ஒட்டி வைத்தார்கள். 2,000-க்கும் மேற்பட்ட பவளக் கூட்டங்கள்! தன்னார்வலர்களும் அதில் இறங்கினார்கள். மொத்தக் குடியிருப்பையே இடம்பெயர்த்த மாதிரி.

கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் சிங்கப்பூரின் பழைய பவளத் திட்டுகளில் பாதிக்கும் மேல் போய்விட்டது. அது எனக்கு ஆறாத வருத்தம். நான் நின்று வேலை செய்கிற தரையே ஒரு காலத்தில் தண்ணீர். ஆனாலும் மிச்சமிருப்பதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள் என்பது உண்மை. 2014-இல் சிஸ்டர்ஸ் தீவுகளை நாட்டின் முதல் கடற்பூங்காவாக அறிவித்தார்கள். 2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம், பத்தாண்டும் அதற்கு மேலும் எடுத்து ஒரு லட்சம் பவளங்களை நட்டு வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. நூறாண்டாகக் காணவில்லை என்று கைவிட்ட 'நெப்டியூன் கோப்பை' என்ற பெரிய கடற்பஞ்சு வகை, 2011-இல் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் பக்கத்திலேயே உயிரோடு நின்றதே, அதைவிட வேறென்ன வேண்டும்!

இந்தப் பவளத் தொட்டி வித்தையின் ஆதி எங்கே தெரியுமா? ஜெர்மனி, அமெரிக்கா என்று சொல்வீர்கள். நம் பக்கத்து வீடான ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், 1961-இலேயே, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல்லை அடுக்கி, காற்றுக் குமிழி மட்டும் விட்டு, பவளத்தையும் மீனையும் வீட்டுத் தொட்டியில் வாழவைத்து, அதைப் பற்றி அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதிவிட்டார். அந்தக் கல்லின் துளைக்குள் இருந்த பாக்டீரியாதான் அவருடைய வடிகட்டி. இன்றைக்கு உலகமே செய்வது அதன் வளர்ந்த வடிவம். சிங்கப்பூரிலோ அதற்கும் முன்னால், 1955-இல், வான் கிளீஃப் என்ற டச்சுக்காரர் எழுதிவைத்துப் போன சொத்தில் ரிவர் வேலி ரோட்டில் ஒரு மீன் காட்சியகம் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்த தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தொட்டியில் முதலில் எதை விடலாம்? கல் மேல் பழுப்புப் பாசி படரும், அப்புறம் பச்சை முடி மாதிரி வளரும். எல்லாரும் இந்தக் கட்டத்தில்தான் மனம் விட்டுப்போய்த் தொட்டியை விற்கிறார்கள். விற்காதீர்கள்! நாலு நத்தை, இரண்டு சன்னியாசி நண்டு விடுங்கள், மேய்ந்துவிடும். பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன். பண்ணையில் பொரித்த குஞ்சுகளே கிடைக்கும், அவைதான் தொட்டிக்கு ஏற்றவை. இந்த மீனின் குடும்பக் கதை தெரியுமா? பிறக்கும்போது ஒன்றும் பெண்ணில்லை! கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாக மாறும். அதற்கு அடுத்தது அதன் கணவன். பெண் இறந்துபோனால் அந்தக் கணவனே பெண்ணாகிவிடும், அடுத்த குட்டி ஆண் அதன் இடத்துக்கு வரும். 2003-இல் வந்த நீமோ படத்தால் உலகமே கொண்டாடுகிற அதே கோமாளி மீன் சிங்கப்பூர்த் தீவுகளைச் சுற்றியும் வாழ்கிறது என்பது எனக்குத் தெரிந்தபோது நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவே கிடையாது. அது ஒட்டி வாழ்கிற கடற்சாமந்தியை மட்டும் உடனே வாங்கிவிடாதீர்கள், தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகட்டும்.

என் தொட்டியில் எனக்கு உயிர் எது என்றால், ஒரு சின்னக் கோபி மீனும் ஒரு துப்பாக்கி இறாலும்தான். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. நாள் முழுக்க மணலைத் தோண்டி, வாரி, வங்கை ஒழுங்கு செய்துகொண்டே இருக்கும். வாசலில் கோபி காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் அதன் உணர்கொம்பு ஒன்று மீனின் மேல் பட்டுக்கொண்டே இருக்கும், பார்வையற்றவர் தோளில் கை வைத்து நடப்பது போல. ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும், இரண்டும் உள்ளே!

அந்த இறால் இடுக்கியைச் சொடுக்குகிற சத்தம் இரவில் கூடத்துக்கே கேட்கும், கண்ணாடி விரிசல் விட்டதோ என்று பதறி எழுந்திருக்கிறேன். சத்தம் இடுக்கி மோதுவதால் வருவதில்லை. சொடுக்கும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி, அது நொறுங்கும்போது வருகிற வெடிச் சத்தம்! குமிழி நொறுங்கும் கணத்தில் உள்ளே சூடு சுமார் 5,000 டிகிரிக்கு ஏறி ஒரு மின்னல் பொறியும் வருகிறதென்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். சூரியனின் மேற்பரப்புச் சூட்டுக்குப் பக்கத்தில்! சிங்கப்பூர்க் கடலடி இந்த இறால்களின் சொடுக்குச் சத்தத்தால் எந்நேரமும் பொரிந்துகொண்டே இருக்கிறது, எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி. தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வுக்கூடத்தார் அந்தச் சத்தத்தையே விளக்கு வெளிச்சம் போலப் பயன்படுத்தி, கலங்கிய தண்ணீருக்குள் பொருள்களைப் 'பார்க்க' வழி தேடினார்கள். கண் எட்டாத இடத்தில் இறால் வெடிச் சத்தத்தால் படம் எடுப்பது!

தொட்டி வைத்த வருஷத் தீபாவளிக்கு என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். ராமேஸ்வரம் பக்கம், அப்பா கடல் தொழில். துவாஸ் தங்குவிடுதியில் இருக்கிறார். தொட்டி முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தவர் பத்து நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், "அண்ணே, இது எங்க பாரு மாதிரியே இருக்குண்ணே. எங்கய்யா பாரு மேலதான் வலை விடுவாரு. பாரு நல்லா இருந்தாத்தான் மீனு."

பார். மன்னார் வளைகுடாக் கடலோடிகள் கடலடிப் பாறைத் திட்டுக்குச் சொல்கிற சொல். முத்துப்பார் என்ற பழைய சொல்லிலும் இருப்பது அதே பார்தான். அந்த வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தைக் காலங்காலமாக வெட்டியெடுத்ததில், அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தீவுக்குக் காவல் நின்ற சுவரே போனால் தீவு எப்படி நிற்கும்? தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் செத்த திட்டுகளில் மறுபடி பவளத்தை நட்டு வளர்க்கிறார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கடலில் வலை போடாமலே அலங்கார மீன்!

சென்னையிலோ மதுரையிலோ இருந்து இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் 2001-இலிருந்து பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே காவல்! கடற்கரையில் எடுத்தேன், யாரோ கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ள முடியாது. அங்கே பண்ணைக் கோமாளி மீனும் கல்லும் பாசியுமாக மீன் தொட்டி வைப்பதே நல்லது, அதுவும் கொள்ளை அழகு. சிங்கப்பூரில் கடினப் பவளம் முறையான உரிமத்தோடு இறக்குமதி ஆகிறது. பண்ணையில் துண்டு வைத்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. புதியவர்களுக்கு எளிது என்று விற்கிற பொத்தான் பவளங்களில் சில வகைக்குள் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கும். இயற்கையில் உள்ள மிகக் கொடிய விஷங்களில் ஒன்று! பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்யாது. வெட்டும்போது தெறித்துக் கண்ணில் பட்டாலோ, சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கல்லைக் கொதிக்கவைத்து ஆவியை மூச்சில் இழுத்தாலோ ஆஸ்பத்திரிதான். கையுறை, கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். கல்லை ஒருபோதும் வேகவைக்காதீர்கள். மின்சாரத்திலும் கவனம் வேண்டும்: மின்கம்பி எதுவானாலும் பிளக்குக்குப் போகும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

என் தொட்டியில் ஏழாவது மாதம் பின்பக்கக் கண்ணாடியில் மிளகளவுக்கு ஒரு ஊதாப் புள்ளி வந்தது. கறை என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. சுண்ணாம்புப் பாசி! கடலில் பவளக் கற்களை ஒட்டவைத்துச் சுவராக்குகிற அதே பாசி, தானாக வந்து என் தண்ணீரில் ஒட்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். விடுதியிலிருந்து தம்பி ஒரே வரி எழுதினார்: "அண்ணே, பாரு புடிச்சிருச்சு."